வீட்டை விட்டு வெளிக்கிடும்போது முற்பணம் முழுதாகக் கிடைத்ததா? எங்கள் கதை இது, உங்களுடையதையும் எழுதுங்கள்

மாசி மாதம் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருந்த வாடகை வீட்டை விட்டு வவுனியாவுக்கு மாறினோம். மாத வாடகை 22,000 ரூபாய். ஆறு மாத முற்பணமாக 132,000 கொடுத்திருந்தோம். அது மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு.

வீட்டுக்காரர் கனடாவில். கீழ் வீட்டில் அவருடைய தமக்கை, நாங்கள் அன்ரி என்று கூப்பிடுவோம். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் பழகினோம். மகளை அவர்தான் அரைவாசி வளர்த்தார். அதனால் கடைசிக் கிழமை அவர் கணக்கு எழுதிய துண்டை நீட்டியபோது எனக்குப் பேச்சே வரவில்லை. சுவருக்குப் பெயின்ற், குளியலறைப் பைப் மூன்று மாற்றும் செலவு, கரண்ட் பில்லில் பாதி. எல்லாம் சேர்த்து 60,000 தாண்டியிருந்தது.

பைப்புகளில் வெள்ளை படிந்திருந்தது உண்மை. ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலின் அடியில் படிவதுதான் பைப்பிலும் படிகிறது. "அன்ரி, உங்கட குசினிப் பைப்பை ஒருக்கால் பாருங்கோ" என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்த வரியை அவரே வெட்டினார்.

பெயின்ற் விஷயம் லேசில் முடியவில்லை. யன்னலுக்குக் கீழே இருந்த ஈரக்கறை நாங்கள் குடிபோகும்போதே இருந்தது. ஆனால் குடிபுகுந்த அன்று படம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை, அது என் பிழை. கடைசியில் காப்பாற்றியது மகளின் முதலாவது பிறந்தநாள் படம். நாங்கள் போய் இரண்டாவது கிழமை எடுத்தது. பலூனுக்குப் பின்னால் அதே கறை. அதைக் கனடாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். மேல் சிலாப் ஒழுகினதால் வந்த கறை என்று அவரே சொன்னார்.

கரண்ட் பில்தான் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம். இரண்டு வீட்டுக்கும் மின்சார சபை மீற்றர் ஒன்றுதான், மேலே எங்களுக்கு ஒரு சப் மீற்றர். சபையின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிற்றுக்குள் நின்றால் ஒரு விலை. தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே வேறு விலை. 180க்கு மேல் போகிற யூனிற்றுக்கு எல்லாவற்றிலும் கூடிய விலை, நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். அந்த மாதப் பில் 210 யூனிற், எங்கள் சப் மீற்றரில் 84. தனி மீற்றர் இருந்திருந்தால் நாங்கள் அந்த உச்சப் படிக்குப் பக்கத்திலும் போயிருக்க மாட்டோம். அதைச் சொல்லி வாதாட மனமில்லை. பில் தொகையில் நூற்றுக்கு 40 பங்கு தருகிறோம் என்றோம், அன்ரி ஒத்துக்கொண்டார். பில் எழுதிய நாளுக்கும் திறப்புக் கொடுத்த நாளுக்கும் இடையில் 16 நாள் இருந்தது. அன்று அன்ரியை அருகில் வைத்துக்கொண்டே இரண்டு மீற்றரையும் படம் எடுத்து, அந்த யூனிற்றுக்கும் இதே மாதிரிப் பிரித்தோம்.

உடைந்த கதவுப் பூட்டுக்கும் கரண்டுக்கும் கழித்து மிச்சம் இரண்டு தரமாக வந்து சேர்ந்தது.

——

கொக்குவிலில் இருந்து:
கம்பஸ் படிக்கும்போது நாங்கள் நாலு பெண்பிள்ளைகள் ஒரு அனெக்ஸில் இருந்தோம். முற்பணத்தை ஒருத்தியின் பெயரில்தான் கொடுத்தோம். அவள் இடையில் விலகிப் போனாள். கடைசியில் வீட்டுக்கார அக்கா அவளைத் தவிர வேறு யாரிடமும் காசு தர மறுத்தார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது, துண்டில் இருந்தது அந்த ஒரு பெயர்தானே. சேர்ந்து இருக்கிற பிள்ளைகள் பற்றுச்சீட்டில் எல்லோருடைய பெயரையும் எழுதுவியுங்கோ.

——

அரியாலையில் இருந்து:
எங்களுடையது மத்தியஸ்த சபை வரை போனது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை. அங்கே சட்டத்தரணி வேண்டாம், இரண்டு பக்கத்தையும் இருத்தி வைத்துக் கதைப்பார்கள். எங்களிடம் இருந்தது கையால் எழுதி முத்திரை ஒட்டிய ஒரு துண்டு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும் என்று 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் அறிந்தேன். எங்களுக்குக் கைகொடுத்தது வங்கிச் சீட்டு. முற்பணத்தை வீட்டுக்காரரின் கணக்கில் போட்டபோது அப்பா அதில் "வீட்டு முற்பணம்" என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்த பிறகு வீட்டுக்காரரும் வாங்கவில்லை என்று சொல்லவில்லை. மூன்று தவணையில் தருவதாகக் கையெழுத்து வைத்தார். இரண்டு தவணை வந்துவிட்டது.