கனவை கொலாஜ் ஆக்கும் ஆப்: வேலை பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

காலையில் எழுந்ததும் கண்ட கனவைச் சொன்னால், அதை கொலாஜாக, அதாவது படத்துண்டுகளை வெட்டி ஒட்டிய ஒரே படமாக, செய்துகொள்ள உதவும் மொபைல் ஆப் ஒன்றை எங்கள் குழு வடிவமைக்கிறது. இந்த மாதிரி வேலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

ஆரம்ப வடிவத்தில், கனவைச் சொன்னதும் ஏஐ முழுப் படத்தையும் வரைந்துவிடும். சோதனைக்கு வந்த ஒரு அம்மா, இடித்துப் பல வருடம் ஆன தன் பிறந்த வீட்டைக் கனவில் கண்டிருந்தார். திண்ணை வரைக்கும் தண்ணீர், அதற்குள் ஆளில்லாமல் ஒரு டவுன் பஸ். படம் அழகாகத்தான் வந்தது. ஆனால் வீடு ஏதோ ரிசார்ட் விளம்பரம் மாதிரி இருந்தது. “எங்க வீடு இப்படி இல்லையேம்மா” என்றவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இருந்தாலும் இருக்கும்” என்றார். சில நாள் கழித்து அதே கனவை மறுபடி சொல்லச் சொன்னோம். முதல் தடவை சொல்லாத ஓட்டுக்கூரையும் பூந்தொட்டிகளும் அதில் இருந்தன. எல்லாம் படத்தில் இருந்தவை. அவருடைய கனவு போய், நாங்கள் கொடுத்த படம் அங்கே உட்கார்ந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவே இல்லை.

அப்புறம்தான் கிரெட்டே ஸ்டெர்னின் வேலைகளை உட்கார்ந்து பார்த்தேன். ஜெர்மனியில் பிறந்து அர்ஜென்டினாவில் குடியேறிய புகைப்படக் கலைஞர். புவெனஸ் ஐரிஸில் வெளிவந்த ‘இடிலியோ’ என்ற பெண்கள் பத்திரிகைக்கு வாசகிகள் தங்கள் கனவுகளை எழுதி அனுப்புவார்கள். 1948 முதல் 1951 வரை அந்தக் கனவுகளை அவர் ஃபோட்டோமான்டாஜ் ஆக்கினார், அதாவது புகைப்படத் துண்டுகளைச் சேர்த்து ஒரே படமாக்கினார். ஒன்றில் மேசை விளக்கின் அடிப்பாகமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். ஒரு ஆணின் பெரிய கை சுவிட்சை நோக்கி வரும். படங்களுக்காகத் தன் மகளையும் தெரிந்தவர்களையுமே நிற்கவைத்து எடுத்தார். கனவு எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், அதன் துண்டுகள் பக்கத்தில் இருப்பவர்களிடமிருந்தே வந்தன.

முழுப் படம் வரைவதை எடுத்துவிட்டோம். இப்போது ஆப் சொற்களை மட்டும் சீட்டுகளாகப் பிரித்துத் தரும்: திண்ணை, தண்ணீர், பஸ். துண்டுகளை உங்கள் கேலரியிலிருந்து நீங்களே விரலால் வெட்டி எடுக்கவேண்டும். அந்த அம்மா மறுபடி வந்தபோது, தங்கையின் கல்யாண ஆல்பத்தை போனில் படமெடுத்து, கூட்டத்துக்குப் பின்னால் பாதி மட்டும் தெரிந்த திண்ணைத் தூணை வெட்டினார். கை நடுங்கியதில் தூணோடு யாரோ ஒருவரின் பட்டுப்புடவை ஓரமும் வந்துவிட்டது. சரிசெய்யப் போனேன். “இருக்கட்டும், அது பெரியம்மா” என்றார். பஸ்ஸுக்குப் படம் கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, “இங்கேதான் நின்னுச்சு” என்று விரல் வைத்துக் காட்டினார். காலி இடத்துக்கும் பெயர் எழுதி வைக்கும் வசதி அவரால் வந்தது. வெட்டிய ஓரங்களைத் தானாக வழவழப்பாக்கும் அம்சத்தையும் நிறுத்திவிட்டோம்.

பதில்:

அக்கா, நான் இப்படியொரு ஆப்பில் குரல் பதிவுப் பகுதியைப் பார்த்தேன். 1953-இல் உறக்க ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்கள் வேகமாக அசையும் உறக்க நிலையைப் பற்றி எழுதியதிலிருந்தே தெரிந்த விஷயம்தான்: அந்த நிலையில் எழுப்பினால் பெரும்பாலும் கனவு ஞாபகம் இருக்கும். கொஞ்சம் தாமதித்தால் அது கலைந்துவிடும். அதனால் டைப் செய்யச் சொல்வதே தப்பு. கீபோர்டைத் திறப்பதற்குள் வாட்ஸ்அப் அறிவிப்பு கண்ணில் பட்டுவிடும், கனவு போச்சு. கறுப்புத் திரை, ஒரே பட்டன், தொட்டதும் பதிவு, அவ்வளவுதான் வைத்தோம். தூக்கக் கலக்கத்தில் பேசும் தமிழை எழுத்தாக மாற்றும்போது நிறையத் தப்பு வருகிறது. அதனால் ஒலியை அழிக்காதீர்கள். எழுத்தில் “பாட்டு” என்று வந்த இடத்தில் ஒருவர் சொன்னது “பாட்டி”. திரும்பக் கேட்டதும் அவரே திருத்திக்கொண்டார்.

பதில்:

எங்கள் அனுபவத்தில் நிறைய பேருக்குக் கனவில் வருவது இறந்துபோன அப்பா அம்மாதான். அப்படிச் செய்த கொலாஜுக்குக் கீழேயே ‘பகிர்’ பட்டன் பெரிதாக இருந்தது ஒருவருக்கு ரொம்ப உறுத்தியது. “இது ஸ்டேட்டஸ் போடுறதுக்கா?” என்று கேட்டார். பட்டனை உள் மெனுவுக்கு மாற்றினோம். படமும் ஒலியும் போனிலேயே இருக்கும், கிளவுட் பேக்கப் வேண்டுமென்றால் அவர்களாகத்தான் ஆன் செய்யவேண்டும்.