நம்பரை மட்டும் மாற்றினேன்

மேட்டுப்பாளையம் எஸ்டேட், புதுச்சேரி:

நான் 1996-ல் மெஷின் பாகங்களுக்குப் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் போர்டும், அதில் கோடு இழுக்கும் மினி டிராஃப்டரும்தான். டிரேசிங் பேப்பரில் இங்க் கோடு தப்பினால் பிளேடால் மெல்லச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பேப்பர் கிழிந்து மூன்று நாள் வேலை போச்சு. அளவு லேசாக மாறினால் யாரும் படத்தைத் திரும்ப வரைய மாட்டோம். நம்பரை மட்டும் மாற்றி, அதன் அடியில் ஒரு கோடு இழுத்துவிடுவோம். 'படம் ஸ்கேலில் இல்லை, நம்பரைப் பார்' என்று அர்த்தம். லேத்காரரும் நம்பரைத்தான் பார்ப்பார். படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளந்தால் ஃபோர்மேன் கத்துவார்.

கம்ப்யூட்டரில் படம் வரையும் ஆட்டோகேட் வெளிவந்தது 1982-ல். எங்கள் ஷெட்டுக்கு வர 2001 ஆனது. போர்டு பரணுக்குப் போனது, என் கைப்பழக்கம் போகவில்லை. அளவைக் காட்டும் டைமென்ஷன் மேல் இரண்டு தட்டு தட்டினால் எந்த நம்பரையும் அடிக்கலாம், கோடு அசையாது. எனக்கு ரொம்ப வசதி.

2011-ல் ஒரு ஃபிளாஞ்ச், அதாவது போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு. 10 எம்எம் பிளேட், எட்டு ஓட்டை. பி.சி.டி., அதாவது ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், 180-ஐ 190 ஆக்கச் சொன்னார்கள். சாயங்காலம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. 180 மேல் தட்டி 190 என்று அடித்தேன். பிரிண்டில் அழகாக 190. அதே ஃபைல் பென்டிரைவில் லேசர் கட்டிங்குக்குப் போனது. லேசருக்கு நம்பர் படிக்கத் தெரியாது, கோட்டின் மேலேயே போகும். அறுபத்து நான்கு பிளேட் வெட்டி வந்து, போல்ட் மாட்டும்போதுதான் தெரிந்தது: ஒவ்வொரு ஓட்டையும் 5 எம்எம் உள்ளே.

பழைய ஓட்டைகளுக்கு நடுவில் புதுசாகப் போடலாம் என்றார் ஃபோர்மேன். பதினாறு ஓட்டை ஃபிளாஞ்சை எந்தக் கஸ்டமர் வாங்குவான்? எல்லாம் ஸ்கிராப். மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. முதலாளி அதற்குப் பிறகு என் டிராயிங்கை எல்லாம் நேற்று சேர்ந்த பையனிடம் கொடுத்து செக் செய்யச் சொன்னார் பாருங்கள், அதுதான்.

லேசர் ஆப்பரேட்டர், கடலூர்:

சார், நாங்கள் ஃபைலைத் திறந்ததும் முதலில் டைமென்ஷனை அழித்துவிடுவோம். விட்டால் நம்பர், அம்புக்குறி எல்லாவற்றையும் சேர்த்து வெட்டிவிடும். அதனால் உங்கள் 190-ஐ அந்த ஆப்பரேட்டர் பார்த்திருக்கவே மாட்டார்.

எனக்கு நடந்தது இன்னொரு கூத்து. வீட்டு கேட்டுக்கு ஒரு மயில் டிசைன், டிஎக்ஸ்எஃப் என்கிற டிராயிங் ஃபைல். அகலம் 48. இன்ச்சில் வரைந்திருக்கிறார்கள். எங்கள் மெஷினுக்கு எல்லாமே எம்எம். சில ஃபைலில் 48 இருக்கும், 48 என்ன என்பது இருக்காது. 25.4-ஆல் பெருக்காமல் ஓட்டிவிட்டேன். நான்கு அடி மயில் சாவிக்கொத்து அளவில் வந்து விழுந்தது.

மேட்டுப்பாளையம் எஸ்டேட், புதுச்சேரி:

அந்த மயில் என்ன ஆச்சு தம்பி?

லேசர் ஆப்பரேட்டர், கடலூர்:

வண்டிச் சாவியில் தொங்குது சார்.