ஏத்தத்துல மட்டும் திணறும் பழைய 407: பம்ப்பைக் கழட்டலாமா?

பூம்பாறை 407

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓட்டின வண்டி, 1998 மாடல் டாடா 407 சின்ன லாரி, டர்போ (காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ளே தள்ளுற கருவி) இல்லாத இன்ஜின். எங்க ஊர்ப் பூண்டு வடுகபட்டிக்கும், கேரட் ஒட்டன்சத்திரத்துக்கும் இறங்கும். திரும்பி வரும்போது தொழுவுரம், சிமெண்ட், ஏதாவது லோடு ஏத்திட்டு வருவேன்.

ரெண்டு மாசமா ஒரு தொல்லை. வத்தலக்குண்டு, காமக்காபட்டி வரைக்கும் வண்டி தங்கம். டம் டம் பாறை தாண்டினதும் ஏதாவதொரு வளைவுல, ரெண்டாவது கியர்ல மிதிச்சு ஏறும்போது, திடீர்னு இழுவை விழுந்துடுது. முழுசா மிதிச்சாலும் இன்ஜின் அமுங்குது. அஞ்சாறு செகண்ட்ல தானா பிடிச்சுக்குது. சில நாள் ஊத்து போறதுக்குள்ள நாலு தடவை வரும். சில நாள் பெருமாள்மலை வரைக்கும் ஒண்ணுமே வராது. இறக்கத்துல ஒரு நாளும் வந்ததில்லை.

டீசல் ஃபில்டர் ரெண்டும் மாத்தியாச்சு. ஏர் ஃபில்டர் புதுசு. இன்ஜினுக்குள்ளே டீசல் தெளிக்கிற நாசில் நாலும் கழட்டிப் பார்த்து மாட்டியாச்சு. இப்ப மெக்கானிக், நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்புற பம்ப்பைக் கழட்டி காலிபரேஷன் போடணும் (அளவு சரி பண்ணணும்), பார்ட்ஸோட 18,000 ஆகும்ங்கிறார். போன வாரம் அமுங்கினப்ப பின்னாடி பஸ் ஒட்டி வந்துட்டு இருந்துச்சு. நெஞ்சு அடைச்சுப்போச்சு. பணத்தைக் கொடுத்தும் தீரலைன்னா என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் கேக்குறேன்.

கூக்கால் விவசாயி

தம்பி, மேல போகப் போக காத்து கம்மி. பழைய வண்டி எல்லாமே அப்படித்தான் முக்கும். லோடைக் குறைச்சுப் பாருங்க.

வத்தலக்குண்டு பம்ப் கடை

கூக்கால் அண்ணன் சொல்றது பாதி சரி. கொடைக்கானல் உயரத்துல, அதாவது 2,100 மீட்டர்ல, காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தைவிட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. டர்போ இல்லாத இன்ஜின் அங்கே மந்தமாத்தான் இருக்கும், கறும்புகையும் தள்ளும். ஆனா அது தினமும் ஒரே மாதிரி இருக்கும். நாளைக்கு நாள் மாறாது, அஞ்சு செகண்ட் இருந்துட்டு ஓடியும் போகாது. இவர் வண்டிக்கு நோய் வேற.

தம்பி, பம்ப்பை இப்போதைக்குத் தொடாதீங்க. நான் 30 வருஷமா பம்ப் வேலை பாக்குறவன், எனக்கு வர்ற வேலையையே வேண்டாம்னு சொல்றேன். தேய்ஞ்ச பம்ப் இப்படி வந்து வந்து போகாது. எனக்கு நாலு விஷயம் தெரியணும். அமுங்குற நேரத்துல புகை என்ன நிறம்? அன்னைக்கு டேங்க்ல டீசல் எவ்வளவு? காலையில முதல் ஸ்டார்ட் எப்படி? ராத்திரி வண்டியை எந்தப் பக்கம் மூஞ்சி வச்சு நிறுத்துறீங்க?

பூம்பாறை 407

அண்ணே, கடைசிக் கேள்வியைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். வீட்டு வாசல் ஏத்தம். மேட்டைப் பார்த்து நிறுத்தினா காலையில பத்துப் பதினஞ்சு செகண்ட் செல்ஃப் அடிக்கணும், பிடிச்சும் கொஞ்ச நேரம் தடதடன்னு ஓடும். திருப்பி, பள்ளத்தைப் பார்த்து நிறுத்தின அன்னைக்கு ஒரே அடியில ஸ்டார்ட். குளிர்னாலன்னு இத்தனை நாள் நினைச்சிட்டு இருந்தேன்.

புகைக்காக நேத்து என் மச்சானை பைக்ல பின்னாடி வரச்சொன்னேன். அமுங்கும்போது புகையே இல்லையாம். திரும்பப் பிடிக்கும்போது வெள்ளையா ஒரு கொத்து வந்துச்சாம். டேங்க் நேத்து கால்வாசிதான். முன்னாடி ஒரு தடவை வத்தலக்குண்டுல ஃபுல் போட்டுட்டு வந்தப்ப ஒரு தடவைகூடத் திணறலை, இப்பத்தான் ஞாபகம் வருது.

வத்தலக்குண்டு பம்ப் கடை

நல்லாக் கவனிச்சிருக்கீங்க. புகையே இல்லைன்னா இன்ஜினுக்கு டீசலே போகலைன்னு அர்த்தம். காத்து பத்தாம இருந்தா கறுப்பா வரும். வெள்ளைக் கொத்து, டீசல் திரும்ப வரும்போது முதல்ல சரியா எரியாம போறது.

டேங்க் பக்கவாட்டுல, கேபினுக்குப் பின்னாடி தொங்குது. இன்ஜின் முன்னாடி. வண்டி மேட்டைப் பார்த்தா இன்ஜின் உயரமாயிடும், ஃபீட் பம்ப் (டேங்க்ல இருந்து டீசலை இழுத்து பெரிய பம்ப்புக்குக் கொடுக்குற சின்ன பம்ப்) டீசலைக் கீழேயிருந்து உறிஞ்சி எடுக்கணும். டேங்க் காலியாக ஆக இன்னும் ஆழத்துல இருந்து உறிஞ்சணும். டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவுல எங்கேயாவது மயிரிழை ஓட்டை இருந்தா, டீசலோட காத்தும் சேர்ந்து வரும். மேட்டைப் பார்த்து நின்ன வண்டி காலையில லேட்டா ஸ்டார்ட் ஆகுறதும் இதனாலதான். ராத்திரி அந்த ஓட்டை வழியா காத்து புகுந்து, பைப்புல இருந்த டீசல் டேங்க்குக்கே இறங்கிடுது.

இதுல ஒண்ணை எல்லாரும் தவற விடுறாங்க. ஓட்டை உறிஞ்சுற பக்கம் இருந்தா, வண்டி ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது. காத்துதான் உள்ளே போகும். அதனால கீழே குனிஞ்சு பார்த்துட்டு "லீக் இல்லை"னு எழுந்திருவாங்க.

கோத்தகிரி இலை வண்டி

டேங்க் மூடியையும் பாருங்க. நான் கோத்தகிரியில தோட்டத்து இலை ஏத்துற வண்டி ஓட்டுறேன். எனக்கு இதே மாதிரி வந்துச்சு, ஆனா காலை ஸ்டார்ட் நல்லா இருக்கும். மூடியில காத்து போற துளை அடைச்சு, டேங்க்குள்ளே வெற்றிடம் ஆயிடுச்சு. திணறின உடனே நிறுத்தி மூடியைத் திறந்தா 'ஸ்ஸ்'னு காத்து உள்ளே இழுக்கும். டேங்க் அடியில சேர்ந்த பாசி மாதிரி கசடு ஸ்ட்ரெயினரை, அதாவது டீசல் வடிகட்டுற சல்லடையை, மூடினாலும் திணறும். ரெண்டும் செலவில்லாத செக்கிங்.

வத்தலக்குண்டு பம்ப் கடை

கோத்தகிரிக்காரர் சொன்ன மூடியை முதல்ல பாருங்க. அதுல 'ஸ்ஸ்' வரலைன்னா, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியுற டீசல் ஹோஸ் ஒரு முழம் வாங்கி, ஃபீட் பம்ப்புக்கு வர்ற பைப்பைக் கழட்டி நடுவுல போடுங்க. மேட்டுல நிறுத்தி, ரெண்டு சக்கரத்துக்கும் கட்டை போட்டு, இன்ஜினை ரேஸ் பண்ணிப் பாருங்க. குமிழி ஓடுதான்னு தெரியும். அப்புறம் அதே ஹோஸை டேங்க் வாயில, அதாவது டேங்க்ல இருந்து பைப் கிளம்புற இடத்துலயே போட்டுப் பாருங்க. ஃபீட் பம்ப் பக்கம் குமிழி இருந்து டேங்க் வாயில இல்லைன்னா, ஓட்டை ரெண்டுக்கும் நடுவுல.

இன்னும் சந்தேகம் இருந்தா 5 லிட்டர் கேன்ல டீசல் ஊத்தி, கேபினுக்கு வெளியே உயரமா இறுக்கிக் கட்டி, அதுல இருந்து நேரா ஃபீட் பம்ப்புக்குக் கொடுங்க. அப்பத் திணறலைன்னா கோளாறு டேங்க் பக்கம்தான். மிச்ச டீசல் திரும்பி வர்ற ரிட்டர்ன் பைப்பையும் கேனுக்கே விடணும், இல்லைன்னா கேன் சீக்கிரம் காலியாயிடும். லோடு இல்லாம, ஆள் நடமாட்டமில்லாத ஏத்தத்துல மட்டும் ஓட்டணும்.

ஒண்ணு கண்டிப்பா ஞாபகம் வச்சுக்கங்க. உங்க வண்டி பிரேக்கை லேசா மிதிக்க உதவுற வாக்குவம் (வெற்றிட இழுவை) இன்ஜின் ஓடினாத்தான் வரும். இன்ஜின் நின்னா ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லாயிடும். சரியாகுற வரைக்கும் லோடு ஏத்தி மலை ஏறாதீங்க.

பூம்பாறை 407

மூணு நாளா லோடு எடுக்கலை. மூடியில சத்தம் வரலை. ஃபீட் பம்ப் வாயில ஹோஸ் போட்டுப் பார்த்தோம். ரேஸ் பண்ணும்போது சோடா பாட்டில் மாதிரி பொடிக் குமிழி ஓடுது, நடுநடுவுல விரல் நீளத்துக்கு காத்துத் துண்டு ஒண்ணு வருது. அந்தத் துண்டு வந்த உடனே இன்ஜின் அமுங்குது. என் கண்ணால பார்த்தேன். டேங்க் வாயில போட்டா சுத்தமான டீசல், ஒரு குமிழிகூட இல்லை. ஆனா பைப் முழுக்கத் தடவிப் பார்த்தும் ஈரமே தெரியலை.

வத்தலக்குண்டு பம்ப் கடை

இப்ப ஓட்டையை வெளியே ஒழுக வைக்கணும். டேங்க்கை ஃபுல் பண்ணுங்க. இன்ஜினை அஞ்சு நிமிஷம் ஓட விட்டு, பள்ளத்தைப் பார்த்து நிறுத்துங்க. அப்ப டேங்க் டீசல் மட்டத்துக்குக் கீழே பைப் வந்துடும், ஓட்டை இருந்தா டீசல் கசியும். பைப்பைத் துணியால சுத்தமாத் துடைச்சுட்டு, நீளம் முழுக்க விபூதியோ கோலமாவோ பூசி விடுங்க. முக்கியமா பைப்பைப் பிடிச்சிருக்குற கிளிப்புக்கு அடியில. ராத்திரி அப்படியே இருக்கட்டும்.

பூம்பாறை 407

அண்ணே, கிடைச்சிருச்சு!

அம்மா சாமி அறையில இருந்த விபூதியைத்தான் கொடுத்தாங்க. காலையில பனி விலகினதும் டார்ச்சோட அடியில படுத்துப் பார்த்தேன். கேபின் பின்பக்கம், குறுக்குச் சட்டத்தை ஒட்டி இருக்குற கிளிப்புல, ரப்பர் மொத்தமாப் போய் தகரம் மட்டும் இருக்கு. அதுக்கு அடியில வெள்ளைப் பூச்சுல துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கறுத்த ஈரம். கிளிப்பைக் கழட்டினா, பைப் ஒரு பக்கம் தட்டையா தேய்ஞ்சு வெள்ளி மாதிரி பளபளக்குது. நகத்தை வச்சு இழுத்தாத்தான் கீறல் தட்டுப்படுது. அரை நகம் நீளம்கூட இல்லை.

ஏன் ஒரு நாள் வந்து ஒரு நாள் வரலைன்னும் இப்பப் புரியுது. லோடோட வளைவுல திரும்பும்போது சேஸிஸ் கொஞ்சம் முறுக்கும்ல, அப்ப கிளிப் பைப்பை நெம்பி, கீறல் வாய் திறந்திருக்கு. சிமெண்ட் ஏத்தின நாள்லதான் அதிகமா வந்துச்சு. அந்த இடத்தை வெட்டிட்டு ரப்பர் ட்யூப் போட்டு இணைச்சா போதுமா?

வத்தலக்குண்டு பம்ப் கடை

கேஸ் ட்யூப், தண்ணி ட்யூப் போட்டுடாதீங்க. டீசல்ல ஊறி மெத்துனு ஆயி உறிஞ்சும்போது ஒட்டிக்கும், பழைய கதையே திரும்ப வரும். செம்பும் வேண்டாம், அதிர்வுல இறுகி வெடிக்கும். டேங்க்ல இருந்து முன்னாடி வரைக்கும் ஒரே நீளமா இரும்புப் பைப் வளைச்சுப் போட்டுடுங்க. எல்லா கிளிப்புக்கும் புது ரப்பர். கழட்டுற இடத்துல காப்பர் வாஷரை மறுபடி பழசையே போடாதீங்க. மாட்டினதும் உள்ளே இருக்குற காத்து வெளியேற, ஃபில்டர் தலையில இருக்குற ஸ்குரூவை லூஸ் பண்ணி, நுரை நிக்கிற வரைக்கும் கைப்பம்ப் அடிங்க.

பூம்பாறை 407

போட்டாச்சு அண்ணே. பைப், ரப்பர், வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். மேட்டைப் பார்த்து நிறுத்தி மூணு காலை பார்த்துட்டேன், ஒரே அடியில பிடிக்குது. நேத்து கால் டேங்க்ல, பாதி லோடு உரத்தோட வத்தலக்குண்டுல இருந்து ஏறினேன். மச்சான் கையில கட்டையோட பக்கத்துல உட்கார்ந்து வந்தான். டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, எங்கேயும் ஒரு அமுங்கல் இல்லை. வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி வண்டியை ஓரங்கட்டி அந்தக் கண்ணாடி ஹோஸைப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை.

அந்த ஹோஸை அப்படியே விட்டுடலாமா, கழட்டணுமா?

வத்தலக்குண்டு பம்ப் கடை

கழட்டிடுங்க தம்பி. இன்ஜின் சூட்டுல நாலு மாசத்துல மஞ்சளாகி வெடிக்கும். துடைச்சு டூல் பாக்ஸ்ல போட்டு வைங்க, இன்னொருத்தருக்கு ஆகும்.