1 லிட்டர் டர்போ பெட்ரோல் காரில் ஆயில் குறைகிறது: ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். திருவொற்றியூரில் வசிக்கும் என்னிடம் உள்ள, 3 சிலிண்டர் கொண்ட டர்போ பெட்ரோல் கார் 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில மாதங்களாக, 5,000 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1 லிட்டர் என்ஜின் ஆயில் குறைகிறது; ஆனால் தரையில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால், புழுதியில் ஊர்ந்து தண்டையார்பேட்டை அலுவலகம் சேர்வதுதான் இந்த வண்டியின் அன்றாடப் பிழைப்பு. என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின், நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய தண்டு ஆயிலை நம்பியே இருப்பதாலும், கடும் சூட்டில் என்ஜினை அணைத்தால் அங்கே தேங்கும் ஆயில் கருகிப் படியும் என்பதாலும், நெடுந்தூரம் ஓட்டிய நாள்களில் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டே அணைக்கிறேன். சர்வீஸ் மையத்தில் "இது சகஜம்தான் சார்" என்று அனுப்பிவிட்டார்கள்; அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை.

தேய்ந்தது பிஸ்டன் ரிங்கா, டர்போ சீலா, அல்லது பழுதானது பி.சி.வி. வால்வா (என்ஜினுக்குள் கசியும் வாயுவை மீண்டும் காற்றுப் பாதைக்கு அனுப்பும் வால்வு) என்பதை என்ஜினைப் பிரிக்காமல் எப்படி உறுதிசெய்வது? சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை மட்டும் போதுமா? எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் செலுத்தும் என்ஜின் என்பதால், காற்று நுழையும் இன்டேக் வால்வுகளை பெட்ரோல் கழுவுவதில்லை. அங்கே படியும் கரியை நீக்கத் தெரிந்த, அவசரப்படாத மெக்கானிக் ராயபுரம் முதல் மணலி வரை எங்கேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.