செயில்ஃபிஷ், உபுண்டு டச், மோபியன்: ஒரு செயலிக்கு எத்தனை பேக்கேஜ்?

கட்டுத்தறி:
லினக்ஸ் மொபைலுக்குச் செயலி எழுதுகிறவர்கள் ஓஎஸ்ஸுக்கு ஒரு பேக்கேஜ் (நிறுவல் கோப்பு) போடுவதை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. லினக்ஸ் போன் ஓஎஸ்களில் செயில்ஃபிஷுக்கு ஆர்பிஎம், உபுண்டு டச்சுக்கு கிளிக், மோபியனுக்கு டெப், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸுக்கு ஏபிகே (ஆண்ட்ராய்டின் ஏபிகே அல்ல). ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நான்கையும் பில்ட் செய்து சோதிக்கத் தனியாளால் முடியாது. ஒன்றிரண்டு வருடத்தில் செயலியையே கைவிட்டுவிடுகிறார். எல்லாவற்றுக்கும் அடியில் லினக்ஸ் கர்னல், பெரும்பாலும் 64 பிட் ஆர்ம். தன் லைப்ரரித் தொகுப்போடு (ரன்டைம்) தனி அடைப்புக்குள் ஓடும் ஃபிளாட்பேக் என்ற ஒரே பேக்கேஜ் போதும்.

அலைவாய்:
கர்னல் ஒன்று என்பதால் எதுவும் தீராது. செயலி முதலில் தேடுவது சி லைப்ரரியை, அதாவது நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படைத் தொகுப்பை; பெரும்பாலும் அது கிளிப்சி. முட்டல் அங்கேயே தொடங்குகிறது.

ஃபெடோரா என்ற டெஸ்க்டாப் லினக்ஸின் புதிய ஆர்பிஎம் ஒன்றை, பழைய கிளிப்சி உள்ள செயில்ஃபிஷ் போனில் போட்டுப் பாருங்கள். 'கிளிப்சி 2.34 தருவது எதுவும் இல்லை' என்று நின்றுவிடும். 'சார்புகளைப் பார்க்காதே' என்னும் நோடெப்ஸ் கொடுத்து வலுக்கட்டாயமாக ஏற்றினால் நிறுவல் முடியும், செயலி திறக்காது. 2021-இல் வந்த 2.34-இல், நிரலைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனுக்கே புதிய பதிப்பு முத்திரை குத்தினார்கள். ஆகவே செயலி புதிய வசதி எதையும் தொடாவிட்டாலும், அந்தக் கிளிப்சியோடு லிங்க் செய்தாலே பழையதில் ஓடாது. இது தவிர, ஃபெடோரா 31 முதல் ஆர்பிஎம்மின் உள்ளடக்கம் இசட்ஸ்டாண்டர்டில் சுருக்கப்படுகிறது. அந்தச் சுருக்கம் தெரியாத பழைய ஆர்பிஎம் நிறுவி பிரிக்கவே மறுக்கும்.

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் அடித்தளம் ஆல்பைன் என்ற லினக்ஸ். அங்கே கிளிப்சி இல்லை, மசல் என்ற வேறு சி லைப்ரரி. கிளிப்சிக்காக பில்ட் செய்த பைனரியை அங்கே இயக்கினால் 'கோப்பு இல்லை' என்று வரும், கோப்போ கண்ணெதிரே இருக்கும். உண்மையில் இல்லாதது அந்த பைனரி கேட்கும் லோடர், அதாவது அதை நினைவகத்தில் ஏற்றித் தொடங்கும் நிரல். ரீட்எல்ஃப் கட்டளையில் இன்டர்பிரட்டர் வரியைப் பாருங்கள். எல்டி-லினக்ஸ் என்றிருந்தால் கிளிப்சி, எல்டி-மசல் என்றிருந்தால் மசல். மசலில் கிளிப்சி நிரல்களை ஓட்ட உதவும் ஜிகாம்பேட் சின்னக் கருவிகளுக்குக் கைகொடுக்கும், க்யூடி என்ற இடைமுகக் கருவித்தொகுப்பில் எழுதிய பெரிய செயலிக்கு அதை நம்பாதீர்கள்.

கட்டுத்தறி:
நீங்கள் சொன்னது அத்தனையும் என் வாதத்துக்குத்தான் பலம். ஃபிளாட்பேக்கின் ரன்டைம் தன் கிளிப்சியைத் தானே கொண்டுவருகிறது. அதனால்தான் மசல் உள்ள போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸிலும் அதே பேக்கேஜ் ஓடுகிறது.

ஊடுபாவு:
டெப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோபியன், பியூர்ஓஎஸ், ட்ராய்டியன் மூன்றும் டெபியன் வழிதானே, ஒன்றின் டெப் மற்றதில் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். 2024-இல் டெபியன் 64 பிட் நேரக் கணக்குக்கு மாறியபோது ஏராளமான லைப்ரரி பேக்கேஜ்களின் பெயரோடு டி64 என்ற வால் சேர்ந்தது. டெபியன் 13 ஆன ட்ரிக்ஸியில் பில்ட் செய்த டெப், கிலிப் என்ற லைப்ரரியை அந்தப் புதுப் பெயரில் கேட்கும். டெபியன் 12 ஆன புக்வார்மில் அந்தப் பெயரே இல்லை. ஆர்ம்64-இல் ஏபிஐ (பைனரிகள் ஒன்றோடொன்று பேசும் முறை) மாறவில்லை, அதனால் புதிய பேக்கேஜ் பழைய பெயரையும் 'வழங்குகிறேன்' என்று சொல்கிறது. ஆக பழைய டெப் புதியதில் ஏற வாய்ப்பு உண்டு, புதியது பழையதில் ஏறாது. இலக்குகளில் எது பழையதோ அதில் பில்ட் செய்யுங்கள்.

அலைவாய்:
கட்டுத்தறி, ரன்டைம் கிளிப்சியைக் கொண்டுவரும், சரி. ஜிபியு டிரைவரை யார் கொண்டுவருவது? பைன்போன், லிப்ரெம் 5 இரண்டும் மெசா என்ற திறந்த மூல டிரைவரில் ஓடுபவை, அங்கே பிரச்சினை இல்லை. செயில்ஃபிஷ் ஓடும் சோனி எக்ஸ்பீரியாக்களும் ஹேலியம் (ஆண்ட்ராய்டு போனில் லினக்ஸை ஓட்டும் அடித்தளம்) வழி உபுண்டு டச் போன்களும் ஆண்ட்ராய்டின் மூடிய டிரைவரை லிப்ஹைப்ரிஸ் என்ற பாலம் வழியாகப் பயன்படுத்துகின்றன. ஃபிளாட்பேக் ரன்டைமுக்குள் இருக்கும் மெசாவுக்கு அந்த டிரைவர் தெரியாது. லிப்ஹைப்ரிஸுக்கென்று தனி ஜிஎல் எக்ஸ்டென்ஷன் (ரன்டைமோடு இணையும் கிராபிக்ஸ் துணைத்தொகுப்பு) போடாவிட்டால் வரைவது முழுக்க சிபியு தலையில் விழும்: பட்டியலை நகர்த்தினால் திக்கும், போன் சுடும், பேட்டரி இறங்கும். அடைப்பு போட உதவும் யூசர் நேம்ஸ்பேஸ் வசதி கர்னலில் இயக்கப்படாத பழைய போர்ட்களில், ஃபிளாட்பேக்கின் அடைப்பை அமைக்கும் பபுள்ராப் தொடங்குவதே சிரமம்.

உபுண்டு டச்சில் ரூட் பகுதி (ஓஎஸ் இருக்கும் இடம்) படிக்க மட்டும். அதைத் திறந்து, டெப் நிறுவியான ஏபிடியால் ஏற்றுவது அடுத்த அப்டேட்டில் போய்விடும்.

கட்டுத்தறி:
ஹைப்ரிஸ் போன்களுக்கு அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிக்கலை ஒருமுறை எக்ஸ்டென்ஷனில் தீர்த்தால் எல்லாச் செயலிக்கும் தீரும். நீங்கள் கேட்பதோ செயலிதோறும் நான்கு முறை உழைப்பு.

அலைவாய்:
நான்கு முறை இல்லை. பகிர வேண்டியது மூலநிரலை. நடக்கும் உதாரணம் பியூர் மேப்ஸ் என்ற வரைபடச் செயலி. திரைகளை ஒருமுறை எழுதி, பொத்தான், பட்டியல், பக்கம் போன்ற அடிப்படைக் கூறுகளை மட்டும் 'பிளாட்ஃபார்ம்' அடைவுகளில் பிரித்திருக்கிறார்கள்: செயில்ஃபிஷின் இடைமுகத் தொகுப்பான சிலிக்காவுக்கு ஒன்று, வேறு லினக்ஸ்களில் பயன்படும் கிரிகாமி என்ற இடைமுகத் தொகுப்புக்கு ஒன்று, உபுண்டு டச்சுக்கு ஒன்று. பில்டின்போது எது வேண்டுமோ அது போகிறது. செயில்ஃபிஷ், ஓபன்ஸ்டோர் (உபுண்டு டச்சின் கடை), ஃபிளாட்ஹப் (ஃபிளாட்பேக் கடை) மூன்றிலும் அதே செயலி.

இது ஏன் தேவை என்றால், சிலிக்கா மூடிய மூலம், வேறெங்கும் கிடைக்காது. 'செயில்ஃபிஷ்.சிலிக்கா நிறுவப்படவில்லை' என்ற ஒரு வரியோடு செயலி நின்றுவிடும். எதிர்த்திசையிலும் அதே கதி: செயில்ஃபிஷின் க்யூடி 5.6, கிரிகாமிக்குத் தேவையான க்விக் கன்ட்ரோல்ஸ் 2 வந்தது 5.7-இல். கிரிகாமி செயலியை அங்கே ஓட்ட, சமூகம் தனியாகப் பேக்கேஜ் செய்த க்யூடி 5.15-ஐ 'சம்' (Chum) என்ற ரெப்போவிலிருந்து இழுக்க வேண்டும்.

புதுக்கர்னல்:
சிலிக்கா செயலி ஒன்று டெர்மினலில் இயக்கினால் ஓடுகிறது, ஐகானைத் தொட்டால் பழைய செட்டிங் எதுவும் இல்லாமல் திறக்கிறது. இதுவும் பொருத்தப் பிரச்சினையா?

ஊடுபாவு:
அது செயில்ஜெயில், செயில்ஃபிஷ் செயலிகளை அடைத்துவைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு. செயில்ஃபிஷ் 4.4 முதல் எல்லாச் செயலியும் இயல்பாகவே அடைப்புக்குள் தொடங்கும். டெர்மினலில் நேரடியாக இயக்கினால் அடைப்பு இல்லை. டெஸ்க்டாப் கோப்பில் (ஐகானின் விவரக் கோப்பு) எக்ஸ்-செயில்ஜெயில் பகுதி சேர்த்து, நிறுவனப் பெயர், செயலிப் பெயர், தேவையான அனுமதிகள் மூன்றையும் எழுதுங்கள். அமைப்புகள் அதன்பின் நிறுவனப் பெயர்/செயலிப் பெயர் என்ற அடைவில்தான் இருக்கும், பழைய கோப்பைச் செயலியே அங்கே நகர்த்த வேண்டும். நிரலில் கொடுத்த பெயரும் கோப்பில் கொடுத்ததும் ஓர் எழுத்து மாறினாலும் செட்டிங் சேமிக்காது.

கட்டுத்தறி:
பாருங்கள், பேக்கேஜ் ஏறிய பிறகும் இத்தனை வேலை. யாரிடம் நேரம் இருக்கிறது? ஃபிளாட்ஹப்பில் முதலில் போடுங்கள், செயில்ஃபிஷ் பயனர்கள் கேட்டால் பிறகு ஆர்பிஎம்.

அலைவாய்:
அந்த வரிசை பைன்போனுக்குச் சரி, செயில்ஃபிஷ்காரர்களுக்குச் சரியல்ல. செயலியில் வெறும் க்யூஎம்எல்லும் (க்யூடியின் இடைமுக மொழி) பைத்தானும் என்றால் நோஆர்ச் (எந்தச் சிப்புக்கும் பொதுவான) ஆர்பிஎம் ஒன்றே 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் போதும். அதற்கு அரை நாள் வேலைகூட இல்லை. சி++ இருந்தால் ஆர்ம்வி7எச்எல் (32 பிட்), ஆர்ச்64 (64 பிட்) என இரண்டு. எக்ஸ்பீரியா 10 வரை 32 பிட், 10 மார்க் 2 முதல் 64. யூநேம் கட்டளையை நம்பிப் பேக்கேஜ் தேர்ந்தெடுக்காதீர்கள், அது கர்னலைத்தான் சொல்லும். கெட்கான்ஃப் கட்டளையில் லாங்பிட் கேளுங்கள், அது ஓஎஸ்ஸின் பிட் அளவைச் சொல்லும். 32 என்று வந்தால் ஆர்ச்64 ஆர்பிஎம் அந்தப் போனில் ஏறாது.