ஃபெல்ட் தொப்பிக்கு பீவர் மயிரையே ஏன் தேடினார்கள்?

கேள்வி (வரலாற்று மாணவி):
வட அமெரிக்க வணிக வரலாற்றைப் படித்து வருகிறேன். 1670இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடா நிறுவனத்துக்குப் பட்டயம் வழங்கியது முதல் பக்கத்துக்குப் பக்கம் பீவர் தோல்தான் வருகிறது. ஆட்டு உரோமத்திலும் ஃபெல்ட் (மயிரை அழுத்தி இறுக்கிய துணி) செய்யலாம் என்றிருக்க, இந்த விலங்குக்காகக் கடல் கடந்தது ஏன்? உடுத்திப் பழசான தோலுக்குப் புதுத் தோலைவிட மதிப்பு அதிகம் என்பதும் விளங்கவில்லை.

மறுமொழி (கம்பளிக்காரர்):
உங்கள் தலைமுடி ஒன்றை விரல்களுக்கிடையே நீளவாக்கில் தேய்த்துப் பாருங்கள். அது வேர்ப்பக்கமாகவே நகரும். மயிரின் மேலுள்ள நுண்செதில்கள் நுனி நோக்கிப் படிந்திருப்பதே காரணம். வெந்நீரில் நனைத்து அழுத்திப் பிசையும்போது மயிர்கள் இப்படி ஊர்ந்து ஒன்றோடொன்று சிக்கி, திரும்ப வழியின்றி இறுகிவிடுகின்றன. நூற்காமலும் நெய்யாமலும் துணி உருவாகிவிடுகிறது. பீவரின் மென்மையான அடிமயிர் இதற்கு மிகவும் வாகானது என்பதால், அந்தத் தொப்பி மெல்லியதாகவும் மழையில் நனைந்தாலும் வடிவம் குலையாததாகவும் இருந்தது. ஆட்டு உரோமத்தில் அந்த நேர்த்தி வராது. ஐரோப்பிய பீவர்களோ அதற்குள் பெரும்பாலும் வேட்டையாடித் தீர்க்கப்பட்டிருந்தன.

பழைய தோலின் மதிப்புக்கும் காரணம் உண்டு. பூர்வகுடிகள் பல தோல்களைச் சேர்த்துத் தைத்து, மயிர் உட்புறமாக இருக்கும்படி உடுத்தினார்கள். உடலில் உராய்ந்து உராய்ந்து முரட்டு மேல்மயிர் உதிர்ந்துவிட, தொப்பிக்கு வேண்டிய அடிமயிர் மட்டும் எஞ்சியது. தொப்பிக்காரரின் கடினமான வேலை ஒன்றை அவர்கள் அன்றாட வாழ்விலேயே முடித்துக் கொடுத்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மறுமொழி (வேதியியல் ஆசிரியர்):
இந்த வரலாற்றில் பாதரசத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விலை மலிவான முயல் மயிர் எளிதில் இறுகாது. ஆகவே தோலின் மீது பாதரச நைட்ரேட் கரைசலைத் தூரிகையால் தடவினார்கள். உலரும்போது மயிரின் நுனி கேரட் நிறமாக மாறியதால், ஆங்கிலத்தில் அவ்வேலைக்கே 'கேரட்டிங்' என்று பெயர் வந்தது. பின்னர் வெந்நீரிலும் நீராவியிலும் அந்த மயிரைப் பிசைந்தபோது எழுந்த பாதரச ஆவியைத் தொழிலாளர்கள் நாள் முழுதும் சுவாசித்தார்கள்; கை நடுங்கியது, பற்கள் ஆடின, மனிதர்களைக் கண்டாலே கூசி ஒதுங்கினார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், தொப்பி நகரமான டான்பரியில் இந்நோயை 'டான்பரி நடுக்கம்' என்றே அழைத்தார்கள். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசத்தின் பயன்பாடு 1941இல்தான் முடிவுக்கு வந்தது. அத்தனை தலைமுறைகள் காத்திருக்க வேண்டியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி (கம்பளிக்காரர்):
ஒரு சொல் திருத்தம்: பீவரை 'நீர்நாய்' என்று எழுதிவிடாதீர்கள். நீர்நாய் மீன் தின்பது. பீவர் மரப்பட்டையைக் கடித்துத் தின்னும் கொறிணி.

கேள்வி கேட்டவர்:
என் குறிப்பேட்டில் நீர்நாய் என்றுதான் எழுதியிருந்தேன், இன்றே திருத்திவிடுகிறேன். இருவருக்கும் நன்றி.