புது டாரட் கட்டு: சீட்டு தடிமன், ஆனால் வளைகிறது, ஓரம் ஒட்டுகிறது. திருப்பி அனுப்பலாமா, பழக்கலாமா?

சத்துவாச்சாரி_நிலா

எல்லோருக்கும் வணக்கம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் டாரட் கட்டு (குறி பார்க்கிற படச் சீட்டு) வைத்திருப்பவர்கள், இல்லை அச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். வெளியூர்க்காரர்களிடம் கேட்டால் ஏசி அறையில் வையுங்கள் என்று முடித்துவிடுகிறார்கள். கத்திரி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சீட்டு போடுகிற நமக்கு அது உதவாது.

சமீபத்தில் ஒரு புதுக் கட்டு வாங்கினேன். 1909-இல் லண்டனில் வெளியான ரைடர் கட்டுக்கு பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்களை ஒட்டி, புதிதாக நிறம் கொடுத்து அச்சிட்டது. 78 சீட்டு, 70க்கு 120 மில்லிமீட்டர், வழக்கமான டாரட் அளவுதான். பெட்டியில் 350 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு), இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன் (மினுக்காத பிளாஸ்டிக் படலம்), ஓரத்தில் தங்க நிற கில்ட் என்று போட்டிருக்கிறது. படத்தில் குறையே சொல்ல முடியாது. ஹை பிரீஸ்டஸ் சீட்டில் இரண்டு தூணுக்கும் நடுவே தொங்குகிற திரையில் மாதுளம்பழம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது, என் பழைய கட்டில் அது வெறும் சிவப்புத் திட்டு.

பிரச்சினை கையில் எடுத்தால்தான். கட்டு மொத்தமாக மூன்றரை சென்டிமீட்டர் உயரம் வருகிறது, என் கை சின்னது, ஒரே பிடியில் பிடிக்க முடியவில்லை. கலைக்கும்போது சீட்டுகள் தனித்தனியாகப் போகாமல் ஐந்தாறு சேர்ந்து கட்டியாக விழுகின்றன. ரம்மிக்குச் செய்வதுபோல் இரண்டு பாதியையும் வளைத்து விட்டுக் கலைத்துப் பார்த்தேன், வளைத்த சீட்டு முழுசாக நிமிரவில்லை, ஒரு சீட்டில் நடுவே வெள்ளையாக ஒரு கோடுகூட வந்துவிட்டது. மத்தியானத்தில் மேஜைமேல் பரப்பி வைத்தால் நீளவாக்கில் இரண்டு ஓரமும் லேசாகத் தூக்கிக்கொண்டு தொட்டில் மாதிரி ஆகின்றன. இது போக, மூன்று சீட்டுகளில் மூலையில் லேமினேஷன் படலம் நகம் நுழையும் அளவுக்குப் பிரிந்து நிற்கிறது. விற்றவர்களிடம் கேட்டால் 'தடிமனான சீட்டு அப்படித்தான் இருக்கும், பழகப் பழகச் சரியாகும்' என்கிறார்கள். உண்மையா? திருப்பி அனுப்பும் கெடு இன்னும் முடியவில்லை.

மைவாசனை

ராணிப்பேட்டையில் ஆஃப்செட் அச்சகத்தில் இருக்கிறேன் தங்கச்சி. டாரட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நீங்கள் சொன்ன மூன்றரை சென்டிமீட்டர் என்கிற ஒரு அளவே எனக்கு நிறையச் சொல்லிவிட்டது.

மூன்றரை சென்டிமீட்டரை 78-ஆல் வகுத்தால் ஒரு சீட்டு கிட்டத்தட்ட 0.45 மில்லிமீட்டர். 350 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு (பூச்சுப் போட்ட அச்சு அட்டை) லேமினேஷன் எல்லாம் சேர்த்து 0.4-ஐத் தாண்டுவதே அபூர்வம், கட்டு மூன்று சென்டிமீட்டருக்குப் பக்கத்தில்தான் நிற்கவேண்டும். எனக்குத் தோன்றுவது, இது ஆர்ட் கார்டே இல்லை, மருந்துப் பெட்டி, சோப்புப் பெட்டி செய்கிற போர்டு. நாங்கள் எஃப்பிபி என்போம். அதில் மேலும் கீழும் நல்ல வெள்ளைக் கூழ், நடுவில் உப்பலான மரக்கூழ். எடை குறைவு, தடிமன் அதிகம், பெட்டிக்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் பெட்டி ஒருமுறை மடிந்தால் அப்படியே நிற்கவேண்டும். சீட்டு அதற்கு நேர் எதிர், ஆயிரம் முறை வளைத்தாலும் திரும்ப நிமிரவேண்டும். உங்களுக்கு வந்த வெள்ளைக் கோடு அந்த நடு அடுக்கு நசுங்கி மடிந்த தடம். அது போகாது.

ஜிஎஸ்எம் என்பது தடிமன் அல்ல, ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. அதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். உங்கள் சீட்டு ஒன்று 0.0084 சதுர மீட்டர், 78-உம் சேர்ந்தால் 0.655. காகிதம் நிஜமாகவே 350 என்றால் காகித எடை மட்டும் 229 கிராம், 300 என்றால் 197. இரண்டு பக்கப் படலத்துக்கும் பசைக்கும் இன்னும் இருபது கிராம் சொச்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டி, கையேடு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் சீட்டை மட்டும் தராசில் வையுங்கள். 250-ஐ ஒட்டி வந்தால் அவர்கள் சொன்னது சரி.

தலைப்புச் சீட்டு, விளம்பரச் சீட்டு என்று உபரியாக ஏதாவது இருந்தால் அதைக் கத்தரியால் வெட்டி, வெட்டிய இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முழுக்க ஒரே வெள்ளை என்றால் ஆர்ட் கார்டு. நடுவில் பழுப்பு கலந்த மஞ்சள் தெரிந்தால் நான் சொன்ன போர்டு. ஓரத்தில் கில்ட் அடித்ததால்தான் உங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை.

தொட்டில் மாதிரி வளைவதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. காகித இழை ஈரம் குடித்தால் குறுக்குவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அதனால் வளைசல் எப்போதும் இழை ஓடுகிற திசையைச் சுற்றித்தான் வரும். நீளமான ஓரங்கள் தூக்குகின்றன என்றால் உங்கள் சீட்டில் இழை நீளவாக்கில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே படலம், ஒரே இழுப்பில் ஒட்டியிருந்தால் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும், ஒரு பக்கம் இறுக்கமாக ஒட்டினால் அந்தப் பக்கம் இழுக்கும். மூலைப் படலம் பிரிவது சுத்தமாகத் தயாரிப்புக் குறை. மை முழுசாகக் காய்வதற்குள் லேமினேஷன் போட்டாலும் பிரியும், மூலை வெட்டுகிற டை (வெட்டு அச்சு) மழுங்கியிருந்தாலும் பிரியும். பின்பக்கம் அடர்ந்த நிறமாக இருந்தால் முதல் சந்தேகம் மைமேல்தான்.

குடியாத்தம்_பௌர்ணமி

நிலா, அண்ணன் காகிதத்தைச் சொல்லிவிட்டார், நான் கையைச் சொல்கிறேன்.

கில்ட் ஓரம் உள்ள எந்தக் கட்டும் முதலில் ஒட்டிக்கொண்டுதான் வரும். கட்டை மொத்தமாக இறுக்கிப் பிடித்து ஓரத்தில் ஏற்றுவதால் பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகள் மெல்லிய பூச்சால் சேர்ந்துவிடும். அதோடேயே கலைத்தால் பூச்சு பொடியாகி முகப்பில் ஒட்டும், கட்டியாக விழுவதும் அதனால்தான். நீங்கள் ஒவ்வொரு சீட்டாக உரித்து எடுத்தீர்களா என்று எழுதவில்லை. செய்யவில்லை என்றால் இப்போது செய்யுங்கள், அவசரம் வேண்டாம், பெரிய அர்க்கானா என்கிற முதன்மைச் சீட்டு 22-ஐ முதலில், அப்புறம் மற்ற 56. அதே கையோடு முகப்பு, முதுகு இரண்டையும் பார்த்துவிடலாம். கடைசியில் நான்கு ஓரத்தையும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒரே திசையில் துடைத்துவிடுங்கள்.

இவ்வளவு பெரிய சீட்டுக்கு வளைத்துக் கலைக்கிற முறை வேண்டவே வேண்டாம், கையும் நோகும், சீட்டும் சாகும். கட்டை நிமிர்த்திப் பிடித்து, இடது கையிலிருந்து சின்னச் சின்னக் கொத்தாக வலது கைக்குத் தள்ளுங்கள். கை சின்னது என்றால் கட்டைக் குறுக்காகத் திருப்பி, நீளமான பக்கத்தைக் கீழே வைத்துத் தள்ளலாம். நான் பெரும்பாலும் துணிமேல் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி இரண்டு கையாலும் வட்டமாகக் கலந்துவிட்டு, பிறகு ஒன்று சேர்ப்பேன். பார்க்கும்போது சில சீட்டு தலைகீழாக வரவேண்டுமென்றால் அதுவே தானாக வந்துவிடும். வளைசலும் சீட்டுக்குச் சீட்டு மாறிக் கிடப்பதால் ஒரே பக்கமாகக் கட்டு எழும்பாது.

கிளி ஜோசியக்காரருக்கு இந்தக் கவலையே கிடையாது. அவர் வரிசையாக அடுக்குவார், கிளி அலகால் இழுத்துப் போடும், சீட்டு எவ்வளவு தடித்தால்தான் என்ன. நமக்குக் கலைப்பதில்தான் கேள்வியே ஊறுகிறது, கை தடுமாறினால் மனமும் சேர்ந்து சிதறிவிடும், அதனால் சீட்டின் தரத்தைப் பார்ப்பதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதனாலேயே அந்த மூன்று மூலைகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். படலம் பிரிந்த மூலை விரலுக்குத் தெரியும். இன்று எந்தச் சீட்டு என்று தெரியாமல் இருக்கலாம், கொஞ்ச நாளில் கண்ணை மூடிக்கொண்டே இது டவர், இது எட்டு வாள் என்று கை சொல்லிவிடும். அப்புறம் எடுக்கிறவர் கை அங்கே போகாமல் தவிர்க்கும், இல்லை அங்கேயே போகும். அடையாளம் விழுந்த சீட்டோடு ஒருவருக்கு நேர்மையாகப் பார்த்துச் சொல்ல முடியாது. வளைசலைப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்கவேண்டாம். பசை தடவி ஒட்டவும் வேண்டாம், இன்னும் தடித்துத் தெரியும்.

வெயிலுக்கு: ஜன்னல் ஓரம், நிறுத்திய கார், டிவிமேல், இந்த மூன்றும் கூடாது. ரப்பர் பேண்டு போட்டால் ஓரத்தில் பள்ளம் விழும், துணிப் பைக்குப் பதிலாகக் கட்டின் அளவுக்கே பொருந்துகிற மரப்பெட்டி நல்லது, சீட்டுக்கு உள்ளே அசைய இடம் இருக்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஷூ பெட்டியோடு வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போடுங்கள், ஆம்பூர்ப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. கோடையில் அதை எடுத்துவிடவேண்டும், இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சி வளைசலைக் கூட்டிவிடும்.

கைவித்தை_காட்பாடி

நான் டாரட் ஆள் இல்லை, சீட்டு வித்தை பழகுகிறவன், ஆனால் கையில் எந்நேரமும் சீட்டுதான். அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. பெரிய சீட்டை வளைத்துக் கலைக்கவே கூடாது என்று இல்லை, நல்ல சீட்டாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். இழை நீளவாக்கில் ஓடினால் குட்டையான பக்கத்தைப் பிடித்து வளைப்பதுதான் அதற்குக் கொடுமை. நீளமான பக்கத்தைப் பிடித்து வளைத்தால் இழையோடு சேர்ந்து வளையும், சுலபமாக விழும். எஃப்பிபி என்றால் எப்படிச் செய்தாலும் உடையும், அதை அண்ணன் சொன்னது சரி.

எல்லோரும் ஜிஎஸ்எம் எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் எனக்குப் புரியவில்லை. நல்ல விளையாட்டுச் சீட்டு 300, 310-தான் இருக்கும். இரண்டு மெல்லிய தாளுக்கு நடுவே கறுப்புப் பசை தடவி ஒட்டியிருப்பார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் எதிர்ப்பக்கம் தெரியாது, வளைத்து விட்டால் டப்பென்று நிமிரும். மேலே லேமினேஷன் கிடையாது, மெல்லிய பூச்சு மட்டும். மேற்பரப்பில் துணி நெய்த மாதிரி பொடிப் பொடிக் குழிகள் இருக்கும், அதில் காற்று தங்குவதால்தான் சீட்டு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகிறது. மேட் படலம் வழவழவென்று இருக்கிறது, முதல் நாள் கையிலிருந்து நழுவும், விரல் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏற ஏற ஒட்ட ஆரம்பிக்கும். நம் ஊர் மே மாதத்தில் வியர்வைக்குக் குறைவா?

ஒட்டுகிறது என்று கேரம் பவுடரைத் தூவிவிடாதீர்கள், பார்த்திருக்கிறேன், பலர் செய்கிறார்கள். அது போரிக் பவுடர், மேட் பரப்பில் வெள்ளையாகப் படிந்து மூலைப் படலத்துக்கு அடியிலும் புகுந்துவிடும். முகப் பவுடர் வியர்வையோடு சேர்ந்து களியாகும்.

லேமினேஷனுக்கு ஒரு நன்மை உண்டு, டீ கொட்டினால் துடைக்கலாம். பூச்சு மட்டும் உள்ள சீட்டில் கறை நிற்கும், ஓரமும் சீக்கிரம் அழுக்காகும். எனக்கு அது பரவாயில்லை, கைக்கு இதம் முக்கியம்.

சத்துவாச்சாரி_நிலா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தெரிந்த நகைக்கடையில் தராசு கேட்டு நிறுத்துப் பார்த்தேன், சீட்டு மட்டும் 226 கிராம். அதாவது படலத்தைக் கழித்தால் காகிதம் 300 ஜிஎஸ்எம்மை ஒட்டித்தான் வருகிறது. உபரிச் சீட்டை வெட்டினேன், நடுவில் மங்கலான மஞ்சள் அடுக்கு நன்றாகத் தெரிகிறது, அண்ணன் பார்க்காமலே சொன்னது அப்படியே. எடைத் தராசின் படம், வெட்டிய ஓரத்தின் படம், மூன்று மூலைகளின் படம், எல்லாவற்றையும் சேர்த்து, பெட்டியில் போட்ட எடை வேறு, உள்ளே இருப்பது வேறு என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். தடிமனான சீட்டு அப்படித்தான் இருக்கும் என்ற பழைய பதில் இந்தமுறை வரவில்லை, பணமா மாற்றுக் கட்டா என்று கேட்கிறார்கள்.

அக்கா சொன்னபடி ஒவ்வொன்றாக உரித்ததும் கட்டியாக விழுவது பாதிக்குமேல் குறைந்துவிட்டது. ஆனாலும் அந்த நிமிராத வளைவு மனசுக்கு ஒப்பவில்லை. மாற்றுக் கட்டு வந்தாலும் அதே போர்டில்தானே வரும்?

மைவாசனை

அதே அச்சு, அதே போர்டுதான் வரும். மூலை மட்டும்தான் பிரச்சினை என்றால் மாற்று வாங்கலாம். உங்களுக்குக் கையில் பிடிக்கிற விதமே பிடிக்கவில்லை, பணமாக வாங்குங்கள். அடுத்து வாங்கும்போது ஜிஎஸ்எம் மட்டும் கேட்காமல் என்ன போர்டு, நடுவில் பசை அடுக்கு உண்டா, மேலே படலமா பூச்சா, இழை எந்த வாக்கு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த இடத்தில் வாங்குங்கள்.

குடியாத்தம்_பௌர்ணமி

பணமாகவே வாங்கு நிலா. மாதுளைத் திரை போகிறதே என்று வருத்தப்படாதே, அதே படத்தில் நல்ல சீட்டும் கிடைக்கும், கொஞ்சம் சின்ன அளவிலும் வருகிறது, உன் கைக்கு அதுதான் சரி. எது வாங்கினாலும் பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடு, 78-ஐயும் எண்ணு, ஒவ்வொரு மூலையையும் கட்டைவிரலால் தடவிப் பார். வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. என்னிடம் படலம் போட்டது ஒன்று, போடாதது ஒன்று இருக்கிறது.

கைவித்தை_காட்பாடி

என்னிடம் கறுப்புப் பசை வைத்த சீட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கோட்டைப் பக்கம் வாருங்கள், மூன்றையும் கலைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அகழி ஓரம் காற்று அடிக்கும், சீட்டு பறக்காமல் இருக்கக் கனமான துணி ஒன்று யாராவது எடுத்து வாருங்கள்.